டெஸ்லாவின் பரிந்துரைச் சலுகையும் விற்பனையும்: கணக்கு தலைகீழாக வருகிறது, உதவி தேவை

ஆய்வு_மாணவி
அனைவருக்கும் வணக்கம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதியவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் நிறுவனம் வழங்கும் பரிந்துரைச் சலுகை, மின்சார கார் விற்பனையை உண்மையிலேயே உயர்த்துகிறதா என்பதுதான் என் முதுகலை ஆய்வேட்டின் பொருள். டெஸ்லாவின் விற்பனை எண்களை எடுத்து, சலுகை இருந்த காலாண்டை 1 என்றும் இல்லாத காலாண்டை 0 என்றும் குறித்து ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் கணக்கு) செய்தேன். கெழு, அதாவது அந்த அளவைக் காட்டும் எண், எதிர்மறையாக வருகிறது. அதாவது, சலுகை இல்லாதபோதுதான் கார் கூடுதலாக விற்றிருக்கிறது. ஆனால் 2019-ஐ மட்டும் தனியே பார்த்தால், சலுகை நின்றதும் விற்பனை சரிந்து, மீண்டும் வந்ததும் ஏறியிருக்கிறது. எதை நம்புவது? வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டியிருப்பதால் விரைவில் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெய்தல்
சகோதரி, சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது. இவை உலக மொத்த எண்களா, அமெரிக்காவினுடையவை மட்டுமா? நிறுவனம் காலாண்டுதோறும் அறிவிக்கும் ஒப்படைப்பு (வாடிக்கையாளர் கையில் சேர்த்த கார்களின்) எண்ணிக்கையா, அரசிடம் பதிவான வண்டிகளின் எண்ணிக்கையா? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

எல்லாவற்றுக்கும் மேலாக, எதைச் சலுகை என்று கொண்டீர்கள்? 2015-இல் திட்டம் தொடங்கியபோது வாங்குபவருக்கு 1,000 டாலர் தள்ளுபடியும் பரிந்துரைத்தவருக்கு 1,000 டாலர் வரவும் கிடைத்தன. பின்னர் மாடல் எஸ், மாடல் எக்ஸ் வாங்குவோருக்கு டெஸ்லாவின் விரைவு மின்னூட்ட நிலையமான சூப்பர்சார்ஜரில் வரம்பற்ற இலவச மின்னூட்டம் தரப்பட்டது. 2019 மார்ச்சில் திரும்பி வந்தபோது இரு தரப்புக்கும் 1,000 மைல் ஓடுவதற்கான மின்னூட்டம் மட்டுமே. ஒரு மாடல் 3 அவ்வளவு தூரம் ஓட ஏறத்தாழ 250 முதல் 300 யூனிட் போதும். அன்றைய கட்டணத்தில் அது நூறு டாலரை எட்டாது. ஆயிரம் டாலரையும் நூறு டாலருக்குக் குறைந்ததையும் ஒரே 1 என்று குறித்திருந்தால், எந்தக் கணக்கும் சரியான விடை தராது.

பழைய_ஷோரூம்காரர்
நான் பல ஆண்டுகள் கார் விற்பனையில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 2019-இன் எண்களைத்தான் நம்ப வேண்டும். டெஸ்லாவுக்கு முகவர் கடைகள் இல்லை, அந்நாளில் அது விளம்பரத்துக்கும் ஏறக்குறைய எதுவும் செலவிடவில்லை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு விற்பனையாளர் யார்? ஏற்கெனவே கார் வாங்கியவர்தான். அவருக்குக் கொடுத்துவந்த ஊக்கத்தை 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிறுத்தினார்கள். 2018-இன் கடைசிக் காலாண்டில் ஏறத்தாழ 90,700 ஆக இருந்த ஒப்படைப்பு, அடுத்த காலாண்டில் 63,000 ஆக விழுந்தது. மார்ச்சில் ஊக்கத்தை மீண்டும் கொடுத்தார்கள், அதற்கடுத்த காலாண்டில் 95,200 ஆனது. வாய்வழிச் சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறெதற்கும் கிடையாது.

மூத்த_புள்ளியியலர்
இந்தப் பகுதியில் இதே வகைக் கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வருவது புதியவர்களுக்கு நல்ல பழக்கம். காலப்போக்கை நீக்காமல் ரெக்ரஷன் செய்யக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம்.

2016 முழுவதிலும் டெஸ்லா ஒப்படைத்தது ஏறத்தாழ 76,000 கார்கள். 2021-இன் கடைசிக் காலாண்டில் மட்டும் 3,08,600. சலுகை தாராளமாக இருந்த ஆண்டுகள், நிறுவனம் சிறியதாக இருந்த ஆண்டுகள். 2021 செப்டம்பரில் கார்களுக்கான பரிந்துரைச் சலுகையை விலக்கியபோது நிறுவனம் பலமடங்கு பெருத்திருந்தது. உங்கள் எதிர்மறைக் கெழு இதைத்தான் சொல்கிறது. சலுகையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. காலத்தையும் ஒரு மாறியாகச் சேர்த்துவிட்டு மீண்டும் வாருங்கள்.

நெய்தல்
ஷோரூம்காரர் ஐயா, 2019-ஐ நீங்கள் படிக்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 2,00,000 மின்சார வண்டிகளை விற்ற பின் வாங்குபவருக்கான 7,500 டாலர் வரிச் சலுகை படிப்படியாகக் குறையும் என்பது அன்றைய சட்டம். டெஸ்லா அந்த எல்லையை 2018 ஜூலையில் தொட்டது. ஆகவே 2019 ஜனவரி 1-இல் சலுகை 3,750 டாலராகவும், ஜூலை 1-இல் 1,875 டாலராகவும் குறைந்து, 2020 தொடக்கத்தில் முற்றிலும் இல்லாமல் போனது. முழுத்தொகையைப் பெற விரும்பியவர்கள் எல்லாரும் 2018 டிசம்பருக்குள் வாங்கிவிட்டார்கள். ஜனவரியில் வாங்க வேண்டியவர்களும் அவர்களுக்குள் அடக்கம்.

அதோடு, ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் மாடல் 3 கப்பலேறத் தொடங்கியதும் அந்தக் காலாண்டில்தான். மார்ச் முடிவில் ஏறத்தாழ 10,600 கார்கள் வாடிக்கையாளர் கைக்குச் சேராமல் வழியில் இருந்தன என்றும், அக்காலாண்டு ஒப்படைப்பில் பாதி கடைசிப் பத்து நாட்களில்தான் நடந்தது என்றும் நிறுவனமே அறிவித்தது. அவை அடுத்த காலாண்டின் கணக்கில் ஏறின. அந்தக் காலாண்டின் முடிவில், ஜூலைக் குறைப்புக்கு முந்திய அவசரமும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் நடுவே, சில வாரங்களுக்கு நின்ற ஒரு சலுகையின் விளைவைத் தனியே பிரித்தெடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒஸ்லோ_வாசி
நான் நோர்வேயில் வசிப்பவன். இங்கே 2024-இல் பதிவான புதிய கார்களில் 88.9 வீதம் முழு மின்சார கார்கள். அந்த உயர்வுக்குக் காரணம் வரி என்பதை இங்குள்ள எவரும் சொல்வார்கள். மற்றக் கார்களுக்கு 25 வீதப் பெறுமதி சேர் வரி உண்டு. மின்சார கார்களுக்கு அது நெடுங்காலம் முழுமையாக விலக்கப்பட்டிருந்தது. ஐந்து இலட்சம் குரோனர் விலையுள்ள ஒரு காரில் மட்டும் இதனால் மிச்சமானது 1,25,000 குரோனர். அதன் பக்கத்தில் நண்பரின் இணைப்பு வழியாக வரும் இலவச மின்னூட்டம் என்ன செய்துவிடும்?

2023 ஜனவரி 1 முதல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் இந்த வரி விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய டிசம்பரில் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜனவரியில் நாடு முழுவதும் பதிவான புதிய கார்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. வேலையை முதலில் வரி செய்கிறது, மற்றவை அதற்குப் பின்புதான். நோர்வேயின் பதிவுத் தரவு மாதவாரியாகக் கிடைப்பதால், சகோதரி அதையும் எடுத்துப் பார்க்கலாம்.

பழைய_ஷோரூம்காரர்
வரி பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் நோர்வே வரிச் சலுகை எல்லா நிறுவனத்துக்கும் பொது. அத்தனை மின்சார கார்களுக்கு நடுவே இந்தக் காரை எடு என்று சொல்பவர் நண்பர்தான். பரிந்துரை வழியாக வந்த வாடிக்கையாளர் தரமானவர் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஒரு ஜெர்மன் வங்கியின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, பரிந்துரையால் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தது 16 விழுக்காடு கூடுதல் மதிப்புள்ளவர்கள் என்று கண்டது.

மூத்த_புள்ளியியலர்
வங்கிக் கணக்கு தொடங்குவதையும் கார் வாங்குவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. வங்கிக்கு மதிப்பு என்பது ஆண்டுக்கணக்கில் அந்த வாடிக்கையாளர் தங்குவது. கார் வாங்கும் ஒருவரோ பல மாதம் யோசித்து, ஓட்டிப் பார்த்து, முடிவெடுத்த பிறகு, ஆர்டர் செய்யும் அன்றுதான் யாருடைய இணைப்பாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடுகிறார். அந்த இணைப்பு அவரை வாங்க வைக்கவில்லை. எப்படியும் நடந்திருக்கக்கூடிய விற்பனையில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே. பெரிய யூடியூப் சேனல் வைத்திருந்த சிலர், இன்னும் வெளிவராத இரண்டாம் தலைமுறை ரோட்ஸ்டர் காரையே பரிசாகப் பெறும் அளவுக்குப் பரிந்துரைகளைக் குவித்தது இப்படித்தான். கார்களின் அடக்க விலையில், குறிப்பாக மாடல் 3-இல், இது பெரும் சுமையாகிவிட்டது என்று சொல்லித்தான் ஈலான் மஸ்க் 2019 ஜனவரியில் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

மின்சாலை
எல்லாரும் டெஸ்லாவை மட்டுமே பேசுகிறீர்கள். மின்சார கார் விற்பனையின் போக்கு என்றால் சீனாவின் பிஒய்டி நிறுவனத்தைப் பார்க்க வேண்டாமா? 2024-இல் அது 42 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை விற்றது. டெஸ்லா ஏறத்தாழ 17.9 லட்சம்.

நெய்தல்
42 லட்சத்தில் பாதிக்கும் மேல் பெட்ரோலும் ஊற்றி ஓட்டும் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள். முழு மின்சார கார்களை மட்டும் எண்ணினால் 2024-இல் பிஒய்டி ஏறத்தாழ 17.6 லட்சம், அதாவது டெஸ்லாவைவிடச் சற்றே குறைவு. இரண்டையும் கலந்து ஒப்பிடுவது ஆய்வேட்டில் நிற்காது.

மின்சாலை
வாங்குபவர் அன்றாடம் மின்சாரத்தில் ஓட்டினால் அதை ஏன் தள்ள வேண்டும்? தவிர, 2023-இன் கடைசிக் காலாண்டில் முழு மின்சார கார்களிலேயே பிஒய்டி 5.26 லட்சம், டெஸ்லா 4.84 லட்சம். 2025-ஆம் ஆண்டு முழுவதற்குமான கணக்கிலும் பிஒய்டி முந்திவிட்டது. டெஸ்லாவின் எண்ணிக்கை 2024-இல் பல ஆண்டுகளில் முதன்முறையாக ஆண்டுக் கணக்கில் குறைந்து, 2025-இல் மேலும் குறைந்திருக்கிறது. போட்டியாளரின் விலையைக் கணக்கில் எடுக்காத எந்த ஆய்வும் சலுகையின் விளைவை மிகையாகவோ குறைவாகவோதான் காட்டும்.

நெய்தல்
போட்டியைச் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஹைப்ரிடைச் சேர்ப்பதில்தான் இல்லை.

ஆய்வு_மாணவி
உலக மொத்த ஒப்படைப்பு எண்கள், 2015 மூன்றாம் காலாண்டு முதல் 2025 முடிவு வரை. எல்லா வகைச் சலுகைக்கும் 1 என்றே குறித்திருந்தேன். காலத்தைச் சேர்த்ததும் எதிர்மறை மறைந்து, கெழு பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டது. சலுகைக்கு விளைவே இல்லை என்று எழுதிவிடலாமா?

மூத்த_புள்ளியியலர்
எழுதக் கூடாது. மாறியைச் சேர்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணும் அவசரத்தை மாணவர்களிடம் அடிக்கடி காண்கிறேன். சலுகை வானத்திலிருந்து விழுவதில்லை. நிறுவனம் தன் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கொடுப்பதும் நிறுத்துவதும். 2021-இலும் 2022-இலும் கார் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நிறுவனம் பலமுறை விலையை உயர்த்தியது. வரிசையில் நிற்பவருக்கு எதற்குச் சலுகை? 2023 ஜனவரியில் விலையை வெட்டும் நிலை வந்தபோது எல்லாம் மாறியது. விற்பனை தளரும்போது சலுகை வருகிறது என்றால், சலுகையும் தளர்ச்சியும் சேர்ந்தே தென்படும். மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்பதால் மருத்துவமனைதான் நோய்க்குக் காரணம் என்று யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். உங்கள் பூஜ்யத்துக்குள் உண்மையான நல்விளைவு ஒன்று மறைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தத் தரவு அதைச் சொல்லாது.

பழைய_ஷோரூம்காரர்
இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். எண்களை விட்டுவிட்டு, கார் வாங்கியவர்களிடமே கேளுங்கள். நண்பரின் பேச்சு முதலில் வந்ததா, இணைப்பு முதலில் வந்ததா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மூத்த_புள்ளியியலர்
தன் முடிவுக்குத் தானே காரணம் என்று சொல்லத்தான் மனிதர் விரும்புவார்கள். அந்தப் பதிலை அளவீடாக ஏற்க முடியாது.

பழைய_ஷோரூம்காரர்
அளவீடாக வேண்டாம், ஐயா. எந்த நாளில் இணைப்பை உள்ளிட்டார், எந்த நாளில் காரை ஓட்டிப் பார்த்தார் என்ற வரிசையையாவது அறியலாம். வாடிக்கையாளரின் வாயை அடைத்துவிட்டுக் கெழுவை மட்டும் பேச விடுவதை நான் ஒப்ப மாட்டேன்.

ஒஸ்லோ_வாசி
சகோதரிக்கு ஒரு யோசனை. சலுகை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நாளில் மாறியிருந்தால், மாறிய நாட்டையும் மாறாத நாட்டையும் அதே மாதங்களில் ஒப்பிடலாம். வரி மாற்றம் நடந்த மாதங்களை மட்டும் விலக்கிவிட வேண்டும்.

நெய்தல்
நல்ல வழிதான், ஆனால் எல்லாத் தேதிக்கும் உதவாது. 2024 ஏப்ரல் 30-உடன் திட்டம் முடிந்தது உலகெங்கும் ஒரே நாளில் என்பதால் ஒப்பிடுவதற்கு நாடு கிடையாது. அதற்கு முந்திய காலாண்டில் 3,86,810 ஒப்படைப்பு, முடிந்த காலாண்டில் 4,43,956. சலுகை போனதால் விற்பனை ஏறியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. முதல் காலாண்டில் பெர்லின் அருகேயுள்ள ஆலை தீவைப்பால் மின்சாரமின்றி நின்றது, செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் சரக்குக் கப்பல்கள் சுற்றிவந்தன, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை புதிய மாடல் 3-க்கு மாறிக்கொண்டிருந்தது. சலுகை முடிந்த பிறகு அமெரிக்காவில் மாடல் ஒய் காருக்கு 0.99 விழுக்காடு வட்டியில் கடன் கொடுத்தார்கள். ஒரு சலுகையின் இடத்தில் இன்னொன்று வந்தது. சலுகையே இல்லாத காலம் என்று அதைக் குறிக்க முடியாது.

2025 மூன்றாம் காலாண்டையும் தனியே குறித்துவையுங்கள். இடையில் திரும்பி வந்திருந்த அமெரிக்காவின் 7,500 டாலர் வரிச் சலுகை செப்டம்பர் 30-இல் முடிந்ததால், அதற்குள் வாங்கிவிடும் அவசரத்தில் 4,97,099 கார்கள் ஒப்படைக்கப்பட்டன. ஆண்டு மொத்தம் குறைந்த அதே 2025-இல்தான் டெஸ்லாவின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த காலாண்டும் வந்தது.

ஆய்வு_மாணவி
நெறியாளரிடம் காட்டினேன். சலுகை விற்பனையை உயர்த்துகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, நிறுவனம் சலுகையை எந்தச் சூழலில் கொடுக்கிறது, எந்தச் சூழலில் நிறுத்துகிறது என்று மாற்றிக்கொள்ள ஒப்புதல் தந்தார். அனைவருக்கும் நன்றி.

நெய்தல்
மகிழ்ச்சி. இந்தக் கேள்விக்கு உங்களிடம் உள்ள எண்களே பெரும்பாலும் போதும். 2022 இரண்டாம் காலாண்டில் ஒப்படைப்பு 2,54,695 ஆகக் குறைந்தது, டெஸ்லாவின் ஆலை இருக்கும் ஷாங்காயில் நடந்த கொரோனா ஊரடங்கால். தேவை தளர்ந்ததால் அல்ல. அதைத் தளர்ச்சி என்று குறித்துவிடாதீர்கள். நாடுவாரியான விலை மாற்றங்களின் தேதிகளைத் திரட்டி முடித்ததும் இங்கேயே இடுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.