இரண்டு ஃபுளூட்டுக்குச் சீனச் சாயலில் ஒரு இசை: இரண்டாவது குழல் ஒட்ட மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

தாமரைக்குளம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். என் மகளும் அவளுடைய சீனத் தோழியும் பள்ளி பேண்டில் மேற்கத்திய ஃபுளூட் வாசிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வாசிக்க 3 நிமிடத்தில் ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கர்நாடக இசை கொஞ்சம் கற்றவள், மேற்கத்தியக் குறியீடும் எழுத வரும்.

மேற்கத்திய டி (D) ஸ்வரத்தை ஸட்ஜமாக (ச) வைத்து ச ரி க ப த மட்டும் எடுத்துக்கொண்டேன். 4 எண்ணிக்கை கொண்ட பார் (தாளக் கட்டம்), மெதுவான நடை. முதல் குழலுக்கான மெட்டு எனக்கே பிடித்திருக்கிறது. சிக்கல் இரண்டாவது குழலில்தான். முதலில் மெட்டுக்குக் கீழே மூன்றாம் ஸ்வரமாகவே கூட வரும்படி எழுதினேன். தேவாலயப் பாடல் போல ஆகிவிட்டது. அப்புறம் நான்காம் ஸ்வர இடைவெளியில் இணையாக எழுதினேன். சீனமாகத்தான் கேட்டது. ஆனால் தோழியின் தாத்தா கேட்டுவிட்டு, "இது கார்ட்டூனில் வரும் சீனா, எங்கள் ஊர் இல்லை" என்றாராம். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டதாக மகள் சொன்னாள். எனக்கு மனசே சரியில்லை. எங்கே தவறு?

---

மூங்கில்காற்று:

தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மேற்கத்திய மேடைகளும் படங்களும் சீனா என்றாலே இணை நான்காம் ஸ்வரங்களில் டக்கு டக்கென்று ஒரு துணுக்கு வாசிக்கும். அது சீனாவில் பிறந்ததே இல்லை.

நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த 5 ஸ்வரங்களில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் ரி–ப, க–த, ப–மேல் ச, த–மேல் ரி எல்லாமே நான்காம் இடைவெளி. ச–க மட்டும்தான் மூன்றாம் இடைவெளி. ஒரு குழலைப் பின்தொடர்ந்து இன்னொன்று ஓடினால் அந்த ஓசை தானாக வந்துவிடும். உங்கள் முதல் முயற்சியில் ரி-க்குக் கீழே நி-யும் த-வுக்குக் கீழே ம-வும் நுழைந்திருக்கும். அதுதான் தேவாலயம்.

ஆக, துணைக்குரல் என்ற எண்ணத்தையே விடுங்கள். ஷாங்காய் தேநீர்க் கடைகளில் ஜியாங்னான் சிஜூ என்றொரு இசை உண்டு. பட்டும் மூங்கிலும் என்று பொருள். பட்டு என்றால் தந்தி வாத்தியங்கள், மூங்கில் என்றால் குழல்கள். அங்கே யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள், அவரவர் வாத்தியத்துக்கு ஏற்ற மாதிரி. அந்தக் கலைஞர்கள் சொல்லும் விதி: நீ நிரப்பினால் நான் எளிமை, நீ எளிமை என்றால் நான் நிரப்புகிறேன்.

மெட்டின் எலும்பு ஒரு பாருக்கு ப | க | ரி | ச என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கைக்கு ஒன்று. ஒரு குழல் அதை அப்படியே நீட்டி வாசிக்கட்டும். மற்றது பூ வைக்கட்டும்:

பதபக | கபகரி | ரிகரிச | சரிசத (கடைசி த கீழ் ஸ்தாயி)

பூ வைப்பது என்பது என் சொல் இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்: வேகத்தைக் குறைத்துப் பூச்சேர். ஒவ்வொரு எண்ணிக்கையின் தலையிலும் இருவரும் ஒரே ஸ்வரத்தில் சந்திக்கிறார்கள். நடுவில் ப-வும் த-வும் உரசும். உரசட்டும், பயந்து திருத்திவிடாதீர்கள். அழகே அதில்தான் இருக்கிறது. அடுத்த பாரில் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

---

தாமரைக்குளம்:

மிக்க நன்றி அண்ணா. நேற்று இரவே 8 பார் மாற்றி எழுதிக் குழந்தைகளிடம் கொடுத்தேன். தேவாலயமும் இல்லை, கார்ட்டூனும் இல்லை!

இப்போது இரண்டு புதுத் தொல்லை. இருவரும் சேரும் இடத்தில் சுருதி இம்மி விலகினாலும் அலை அலையாக அதிர்கிறது. இரண்டும் ஒரே மாதிரிக் குழல் என்பதால் யார் எதை வாசிக்கிறார் என்றும் தெரியவில்லை. ஒன்றை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன், அங்கே கீழ் த வாசிக்கவே வரவில்லை.

---

கீழ்ஸ்தாயி:

கீழ் த வராததற்குக் குழந்தைகளைக் குறை சொல்லாதீர்கள். டி-யில் ஸட்ஜம் என்றால் கீழ் த பி-யில் விழும். சாதாரண மாணவர் ஃபுளூட் சி-யோடு நின்றுவிடும். அதற்கும் கீழே போக நீளமான அடிப்பாகம் வேண்டும். முழுவதையும் ஜி-க்கு மாற்றுங்கள். அப்போது கீழ் த இ-யிலும் கீழ் ப டி-யிலும் வரும், இரண்டும் எட்டும் தூரம். முதல் குழல் ஒரு ஸ்தாயி மேலே இருக்கட்டும். ஒரே ஸ்வரம் ஸ்தாயி விட்டு ஒலித்தால் அந்த அதிர்வும் இவ்வளவு உறுத்தாது.

குரல் வேறுபாட்டுக்கு அவர்கள் வாத்தியங்களையே பாருங்கள். டிஸி என்ற பக்கக் குழலில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை உண்டு. நாணல் தண்டின் உள்ளிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அதில் ஒட்டுவார்கள். ரீங்காரம் கலந்த பளிச்சென்ற ஓசை அதனால்தான். ஷியாவ் நேராகப் பிடித்து ஊதுவது. சவ்வு கிடையாது, ஓசை அடங்கி இருக்கும். ஒரு குழந்தை டிஸி, மற்றவள் ஷியாவ் என்று முடிவு செய்துவிடுங்கள். டிஸியாக வாசிப்பவளுக்கு ட்ரில் (பக்கத்து ஸ்வரத்தோடு வேகமாக மாறி மாறி வாசிப்பது), விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பிரிக்கும் சின்ன ஸ்வரங்கள். தெற்கத்தி பாணியின் அடையாளமே இவைதான். நாக்கை உருட்டி வாசிப்பதும் அதிவேக நாக்கு அடியும் வடக்கத்தி பாணி. உங்கள் மெதுவான மெட்டில் அதைக் கலக்க வேண்டாம். ஷியாவாக வாசிப்பவள் நடுக்கமே இல்லாமல் நேராக ஊதட்டும்.

---

ரிஷபம்72:

நடுப்பகுதி பற்றி யாரும் பேசவில்லையே. ச ரி க ப த என்பது நம் மோகன ராகம். மூன்று நிமிடமும் மோகனமாகவே போனால் நம் காதுக்கு மோகனம் என்றுதான் படும். தாத்தாவுக்கும் அலுக்கும்.

அந்த 5 ஸ்வரங்களில் எதையும் ஆதாரமாக வைக்கலாம் என்பது சீன இசையின் பழைய இலக்கணம். நமக்குக் கிரகபேதம். ரி-யை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி ராகம், க-வில் ஹிந்தோளம், ப-வில் சுத்த சாவேரி, த-வில் சுத்த தன்யாசி. ஒரு ஸ்வரம்கூடப் புதிதாக வேண்டாம். வரி எங்கே இளைப்பாறுகிறது என்பதை மட்டும் ச-விலிருந்து ரி-க்கு மாற்றுங்கள், நிறமே மாறிவிடும்.

அதற்கும் மேலே ஒரு படி போகலாம். க வரும் இடங்களில் மட்டும் சுத்த மத்யமம் போடுங்கள், அதாவது ச ரி ம ப த. சத்தமில்லாமல் ஆதாரம் ம-வுக்கு நகர்ந்துவிடும். ச-வுக்குப் பதில் காகலி நி (ச-வுக்கு அடுத்துக் கீழே உள்ள நி) போட்டால் ப-வுக்கு நகரும். ஒரே ஒரு ஸ்வரத்தைக் கடன் வாங்கி வீடு மாறும் இந்த உத்தி அவர்களிடம் வெகு காலமாக இருக்கிறது. கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, மட்டும் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். காந்தாரத்தை அசைத்தால் அந்த நொடியே நம் ஊர் வந்துவிடும்.

---

மூங்கில்காற்று:

ரிஷபம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "மீன் வாலைக் கடிப்பது" என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரி முடிந்த ஸ்வரத்திலேயே அடுத்த வரி தொடங்கும், நம் அந்தாதி போல. உங்களுக்கு இரண்டு குழல் இருக்கிறதே! முதல் குழல் ரி-யில் முடிக்கும்போது இரண்டாவது அதே ரி-யை மெல்லப் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு எடுக்கவும் இடம் கிடைக்கும், இழையும் அறுபடாது.

முடிந்தால் ஹே லூடிங் எழுதிய ஒரு பியானோ துண்டையும் கேளுங்கள். மாடு மேய்க்கும் சிறுவனின் குழலைப் பற்றியது. 1934-ல் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் செரெப்னின் ஷாங்காயில் சீனச் சுவையுள்ள பியானோ இசைக்கென்று நடத்திய போட்டியில் முதல் பரிசு பெற்றது. தொடக்கம் முழுக்க இரண்டே இரண்டு குரல்தான். ஒன்று நிற்கும்போது ஒன்று நடக்கிறது. உங்களுக்கு வேண்டிய பாடம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

---

தாமரைக்குளம்:

ஜி-க்கு மாற்றிவிட்டேன். நடுவில் 12 பார் ரி-யில் இளைப்பாறுகிறது, அதில் கடைசி 4 பாரில் ம வருகிறது. முடிவில் பூ எல்லாம் உதிர்ந்து இருவரும் வெறும் எலும்பை வேகமாக வாசிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டிலேயே வாசித்தார்கள். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேத்தியிடம் குறியீட்டுத் தாளை வாங்கிப் பென்சிலால் 7-வது பாரில் இரண்டு ட்ரில்லை அடித்துவிட்டார். வாசித்துப் பார்த்தோம், அவை இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம்: கடைசி ஸ்வரத்தில் இருவரும் சேர்ந்து நிறுத்த வேண்டுமா, ஷியாவாக வாசிப்பவள் சற்று நீட்டலாமா?

---

கீழ்ஸ்தாயி:

நீட்டட்டும். ஒரு மூச்சு அளவுக்கு மட்டும்.