டெசிடபைன் + சிஸ்பிளாட்டின்: சேர்த்துப் போட்டால் பலன் குறைகிறதே?

பிப்பெட்_தூக்கி:
வயிற்றுப் புற்றுநோய் செல்லில் (ஏஜிஎஸ்) எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். டெசிடபைன் மருந்து டிஎன்ஏவில் ஜீன்களை அடக்கி வைக்கும் மெத்தில் குறிகளைக் கழற்றிவிட்டால் அடங்கிக் கிடக்கும் ஜீன்கள் விழித்துக்கொள்ளும், அப்புறம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு செல்கள் எளிதில் சாகும் என்று படித்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் 48 மணி நேரம் போட்டேன். எம்டிடி சோதனையில் (உயிரோடு மிஞ்சிய செல்களை அளப்பது) இரண்டும் சேர்ந்த பலனைக் காட்டும் காம்பினேஷன் இண்டெக்ஸ் 1-க்கு மேலே போகிறது, அதாவது ஒன்றை ஒன்று கெடுக்கிறது. மூன்று தடவை செய்தும் அதேதான். இரண்டு ஸ்டாக்கும் (அடர் கரைசல்) டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில்தான் கரைத்தேன். எங்கே தப்பு?

பழைய_லேப்காரர்:
தம்பி, வரிசைதான் தப்பு. டெசிடபைன் வேலை செய்ய வேண்டுமானால் செல் டிஎன்ஏவைப் பிரதியெடுக்க வேண்டும், அப்போதுதான் அது உள்ளே நுழைந்து மெத்தில் போடும் என்சைமைப் பிடித்துக் கட்டிப்போடும். நீங்கள் கூடவே சிஸ்பிளாட்டினையும் ஊற்றினால் செல் பிரிவதையே நிறுத்திவிடுகிறது, பிறகு டெசிடபைன் எதில் ஏறும்? முதலில் டெசிடபைன் மட்டும், குறைந்த டோஸில் 72 மணி நேரம். 37 டிகிரியில் அது தாக்குப்பிடிக்காது, அதனால் தினமும் புது மீடியத்தில் புதிதாகப் போடுங்கள் (ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குப் போகத்தான் வேண்டும்). அதன் பிறகு சிஸ்பிளாட்டின். டோஸைக் கூட்டினால் அது வெறும் செல் கொல்லி ஆகிவிடும், எபிஜெனெடிக் (ஜீன்களைத் திறப்பது, அடைப்பது) பேச்சே கிடையாது.

கிணத்துத்தவளை:
வரிசை இருக்கட்டும் அண்ணா, சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்தேன் என்கிறாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா! பிளாட்டினத்தில் இருக்கும் குளோரைடை நகர்த்திவிட்டு டிஎம்எஸ்ஓ போய் ஒட்டிக்கொள்ளும், மருந்தின் வீரியம் போய்விடும். 0.9 சதவீத சலைனில் கரைத்து வெளிச்சம் படாமல் வையுங்கள், பிரிட்ஜில் வைத்தால் அடியில் படிந்துவிடும். டெசிடபைன் டிஎம்எஸ்ஓவில் இருக்கலாம், பிளேட்டின் கிணற்றில் (செல் இருக்கும் குழி) சேரும் அளவு சொற்பம்தான். ஸ்டாக்கில்தான் ஆபத்து. நானும் இதில் ஒரு மாதம் வீணடித்தேன்.

பழைய_லேப்காரர்:
அட, அது என் கண்ணில் படவில்லை. சரி, இன்னொன்று. எந்த ஜீன் அடைபட்டிருக்கிறது என்று தெரியாமல் திறக்கிறேன் என்பதில் அர்த்தமில்லை. 2014-இல் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணு ஆய்வுக் குழு 295 வயிற்றுக் கட்டிகளைப் பார்த்து நாலு வகையாகப் பிரித்தது. அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள வகையில்தான் மெத்திலேற்றம் மிக அதிகம். எஸ்என்யு-719 என்ற வயிற்றுப் புற்றுநோய் செல் கிடைத்தால் ஏஜிஎஸ்ஸுடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் அந்த வைரஸ் உண்டு.

மலர்_அக்கா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு இதே நோய், கீமோ ஓடுகிறது. இந்த மருந்தை டாக்டரிடம் கேட்கலாமா?

பழைய_லேப்காரர்:
கேட்பதில் தப்பில்லை அக்கா, ஆனால் இதை நம்பி ஓடும் கீமோவை நிறுத்திவிடாதீர்கள். டெசிடபைன் ரத்த நோய்களுக்குத்தான் அனுமதி பெற்றது. இதுபோலவே எபிஜெனெடிக் மருந்தான, ஆனால் வேறு வகையைச் சேர்ந்த வோரினோஸ்டாட்டை கேப்சிடபைன், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளோடு சேர்த்துக் கொரியாவில் வயிற்றுப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை, பக்க விளைவும் கூடுதல். நாங்கள் பேசுவது பிளேட்டில் இருக்கும் செல்லைப் பற்றி.

பிப்பெட்_தூக்கி:
நன்றி அண்ணா, தவளை. சிஸ்பிளாட்டின் ஸ்டாக்கை இன்றே கொட்டிவிடுகிறேன். பழைய பிளேட் மொத்தமும் வீணா?

கிணத்துத்தவளை:
டெசிடபைன் மட்டும் போட்ட கிணறுகளின் ரீடிங்கை வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மறந்துவிடுங்கள்.