கிடார் சத்தத்தைக் குறைத்ததும் பழைய பாட்டு எப்படி இருந்தது? கேட்டவர்களும் வாசித்தவர்களும் சொல்லுங்கள்

பழைய கேசட்:

அனதீமாவின் ‘ஃபாலிங் டீப்பர்’ ஆல்பத்தை மறுபடி எடுத்துக் கேட்டேன். அதனால்தான் இந்தக் கேள்வி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. அனதீமா லிவர்பூல் இசைக்குழு. 1990இல் தொடங்கியபோது அவர்கள் வாசித்தது டூம் மெட்டல், அதாவது மெதுவான, கனத்த மெட்டல் இசை. 1993இல் வந்த ‘செரனேட்ஸ்’ ஆல்பத்தில் பெரும்பாலும் அப்போதைய பாடகர் டேரன் வைட்டின் உறுமல்தான். போகப்போக உறுமல் போய், மெட்டுகள் மென்மையாகி, ஆளே மாறிவிட்டார்கள். 2008இல் ‘ஹைண்ட்சைட்’ என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் தங்கள் நடுக்காலப் பாடல்களை அகூஸ்டிக் கிடார் (மின்சாரம் இல்லாத சாதாரணக் கிடார்), பியானோ, செல்லோ வைத்து வாசித்திருந்தார்கள். அது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தப் பாடல்களில் மெட்டு ஏற்கெனவே வெளியே தெரியும்; முதல் சில நொடிகளிலேயே இது எந்தப் பாட்டு என்று பிடித்துவிடலாம்.

2011இல் வந்த ‘ஃபாலிங் டீப்பர்’ அப்படி இல்லை. அந்த ஆரம்பகால உறுமல் பாடல்களையே எடுத்து, தந்தி வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். ஒரு பாட்டில் டச்சுப் பாடகி அன்னெகே வான் கீர்ஸ்பெர்கன் பாடுகிறார். முதல்தடவை கேட்கும்போது பாடல் வரிசையைப் பார்க்காமல் ஓடவிட்டேன். பழைய ஆல்பங்கள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம், ஆனாலும் இரண்டு பாடல்களை முடியும்வரை அடையாளம் தெரியவில்லை. அப்புறம் பழையதைப் போட்டுக் கேட்டால், அதே மெட்டு கிடாரின் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது! இத்தனை வருடம் அதைக் கேட்காமல் என்னதான் கேட்டேன்?

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? பிடிக்காமல் போன அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

ஆறாவது தந்தி:

நண்பரே, அது உங்கள் காது செய்த குற்றம் இல்லை, டிஸ்டார்ஷன் (மின்கிடாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) செய்த வேலை. கிடார் வாசிக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்ட் என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது; மெட்டல் கிடாரில் பெரும்பாலும் வாசிப்பது பவர் கார்ட். நம் ஸ்வரத்தில் சொன்னால் ச, ப இரண்டு மட்டும், காந்தாரம் கிடையாது. காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு ஸ்வரத்தை அனுப்பினால் அவற்றோடு கூட்டலும் கழித்தலுமாகப் புது ஒலிகளும் கிளம்பும். ச-ப ஜோடிக்கு அந்தப் புது ஒலிகள் ஒத்துப்போய் இன்னும் கனமாகக் கேட்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் எல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் அதை விட்டுவிடுகிறோம். ஆனால் கார்ட் மேஜரா (மகிழ்ச்சிச் சாயல்) மைனரா (சோகச் சாயல்) என்று சொல்வதே அந்தக் காந்தாரம்தானே? அது இல்லாததால் பாட்டின் முகம் பாதி மறைந்தே இருக்கிறது.

எங்கள் குழுவும் சொந்தப் பாட்டு ஒன்றை அகூஸ்டிக்கில் வாசிக்க உட்கார்ந்தது. வெறும் ச-ப அகூஸ்டிக் கிடாரில் மொட்டையாகக் கேட்டது. சரி, காந்தாரம் சேர்க்கலாம் என்றால், எந்தக் காந்தாரம்? பாடகன் இது சோகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடியிருக்கிறான்; பேஸ் வாசிப்பவனோ இவ்வளவு நாளும் அதை மேஜர் என்றே எண்ணியிருக்கிறான். ஒரே பாட்டை ஒரே மேடையில் வாசித்துவந்த எங்களுக்குள் இதைப் பற்றி பேச்சே வந்ததில்லை. பெரிய சண்டை. கடைசியில் சரணத்தில் மொட்டையாகவே விட்டு, பல்லவி வரும்போது மட்டும் மைனரைத் திறந்துவிட்டோம். இப்போது மின்கிடாரில் வாசிக்கும்போதும் என் காதில் அந்த மைனர்தான் ஒலிக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. டிஸ்டார்ஷன் இருந்தால் ஒரு ஸ்வரம் நின்று கத்தும். அகூஸ்டிக்கில் தட்டிய உடனே தேய ஆரம்பிக்கும். மெதுவான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) என்றால் நடுவில் பள்ளம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் செல்லோ. 1993 நவம்பரில் நிர்வாணா என்ற ராக் குழு நியூயார்க்கில் வாசித்த எம்டிவி அன்பிளக்ட் என்ற அகூஸ்டிக் நிகழ்ச்சியில் லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ என்ன செய்கிறது என்று தனியாகக் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாம் வயலின்:

நான் மறுபக்கத்தில் உட்கார்ந்தவள். எங்கள் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா ஒரு ராக் குழுவோடு சேர்ந்து அவர்களுடைய பழைய பாடல்களை வாசித்தது. குழுவின் பெயர் வேண்டாம்.

நோட்ஸ் தாள் கைக்கு வந்ததும் முதல் அதிர்ச்சி: ஆறு ஃபிளாட் (ஸ்வரத்தை அரை படி இறக்கும் குறி). அவர்கள் கிடாரை அரை ஸ்வரம் இறக்கிக் கட்டுபவர்கள். விரல் வைப்பது ஈ மைனர், வெளியே வருவது ஈ-ஃபிளாட் மைனர். வயலினின் திறந்த தந்திகள், அதாவது விரல் வைக்காமல் ஒலிப்பவை, ஜி, டி, ஏ, ஈ. அந்த ஸ்கேலில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. திறந்த தந்தி கூட அதிராவிட்டால் வயலின் மூச்சடைத்த மாதிரிதான் கேட்கும். கிடார்க்காரர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இரண்டாவது, எங்களுக்கு எழுதியிருந்தது என்ன? பக்கம் பக்கமாக நீண்ட ஸ்வரங்கள். முன்னால் கிடார் முழங்குகிறது, டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தடுப்பு, எங்கள் காதில் பஞ்சு. எங்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் மின்கிடார்கள் இரண்டும் ஒதுங்கிக்கொண்டன. ரிஃபை வயோலாவுக்கும் செல்லோவுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பாட்டுக்காகவே அத்தனை ஒத்திகையும் தகும்.

என் கட்சி இதுதான்: ராக் வாசிப்பு அப்படியே இருக்க மேலே வயலினைப் பூசினால் அது மறுஆக்கம் இல்லை. யாராவது இடம் விட வேண்டும். ‘ஃபாலிங் டீப்பர்’ பிடித்துப்போவதும் அங்கே கிடார் இடம் விட்டதால்தான்.

(இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று: 1969இல் டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட், தன் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்தே புதிதாக ஒரு கான்செர்ட்டோ எழுதி ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்கள். அப்புறம் அதன் நோட்ஸே தொலைந்துபோய், மார்கோ டெ கூய் என்ற இசையமைப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுத, 1999இல் மறுபடி வாசித்தார்கள். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.)

மிக்ஸர்:

இரண்டாம் வயலின் அக்கா சொல்வதில் பாதிப் பழி மேடை ஒலி பார்க்கும் எங்கள் மேலும் வரும். மேடையில் வயலினுக்கு முன்னால் மைக் வைத்தால் அதில் முதலில் விழுவது சிம்பல் சத்தம். மைக்கை உயர்த்தினால் டிரம்ஸும் சேர்ந்து உயரும். ஒவ்வொரு வயலினிலும் சின்ன மைக் மாட்டினால் கசிவு குறையும், ஆனால் ஒலி மெலிந்து கீச்சென்று இருக்கும். கிடார் இடம் விட்டால் எங்களுக்கும் நிம்மதி.

சத்தம் வேணும்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் எதிர்க்கட்சி. 1999இல் இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவை வாசிக்கவைத்த ‘எஸ் அண்ட் எம்’தான் நான் கேட்ட முதல் ஆர்கெஸ்ட்ரா. கிடார் துளி இடம் விடவில்லை. இரண்டு பக்கமும் மோதிக்கொள்கின்றன. எனக்கு அந்த மோதல்தான் பிடித்தது! 2003இல், முகத்தில் சாயம் பூசி வாசிக்கும் கிஸ் குழு மெல்போர்ன் சிம்பொனியோடு வாசித்தபோது ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் முகத்திலும் சாயம். கூத்து என்றால் அது கூத்து.

எனக்குச் சலிப்பு தருவது இந்த ‘மெதுவாக்கு, கிசுகிசுவென்று பாடு’ சூத்திரம்தான். யூ2 ராக் குழு 2023இல் தங்கள் பழைய பாடல்கள் 40ஐ அப்படி மாற்றிப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எனக்கு எது எந்தப் பாட்டென்றே தெரியவில்லை. பழைய கேசட் சொன்ன நல்ல அர்த்தத்தில் இல்லை! வேகத்தைக் குறைத்தால் மட்டும் ஆழம் வந்துவிடாது. 1992இல் எரிக் கிளாப்டன் ‘லைலா’வை அகூஸ்டிக்கில் வாசித்தாரே, அது வேறு. வேகத்தோடு நடையையே மாற்றிவிட்டார். என்ன பாட்டு என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கூட்டத்தைச் சீண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

பழைய கேசட்:

சத்தம் வேணும், உங்களுக்கு என்றே ஒன்று: 2012இல் அனதீமா பல்கேரியாவின் புளோவ்டிவ் நகரில், பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த ‘யூனிவர்சல்’ பதிவைப் பாருங்கள். அதில் மின்கிடாரும் உண்டு, டிரம்ஸும் உண்டு. இரண்டாம் வயலின் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை.

ஆறாவது தந்தி:

இரண்டாம் வயலினிடம் ஒரு கேள்வி. அடுத்த தடவை எங்கள் பாட்டுக்கு ஒரு செல்லோவைக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். நாங்களும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டுகிறவர்கள்தான். என்ன செய்யலாம்?

இரண்டாம் வயலின்:

அகூஸ்டிக்தானே, கிடாரைச் சாதாரணச் சுருதிக்கே ஏற்றிவிடுங்கள். பாடகருக்கு எட்டவில்லை என்றால் ஒரேயடியாக டி மைனருக்கு இறங்குங்கள். செல்லோவில் டி, ஏ இரண்டும் திறந்தே கிடைக்கும். சரணம் முழுக்க நீண்ட ஸ்வரம் எழுதாதீர்கள், சில இடங்களில் சும்மா உட்காரவும் விடுங்கள். முக்கியமாக, நோட்ஸை ஒத்திகைக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் கையில் திணித்தால் வசவு நிச்சயம்.