கவர்சிலிப் வைத்ததும் கடல் தட்டைப்புழு வெடித்துவிடுகிறது: மீதம் ஆறுதான், உதவுங்கள்

அஸ்தம்பட்டி மாணவி

வணக்கம். சேலத்தில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். பரங்கிப்பேட்டைக் கரையில் அலை வந்து போகும் இடத்து மணலை எடுத்து வந்து வீட்டில் அலசியதில், ஒரு மில்லிமீட்டர்கூட நிறையாத தட்டைப்புழுக்கள் 12 கிடைத்தன. மாக்ரோஸ்டோமம் பேரினம்தான் என்று என் ஆசிரியை உறுதி செய்தார். இனம் எது என்பதுதான் தெரியவில்லை. ஆண் உறுப்பின் கடினமான குழாயான ஸ்டைலெட்டின் நுனி, கிளி மூக்குபோல ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. இதுவரை ஒப்பிட்ட படங்கள் எதிலும் அந்த வளைவு இல்லை. புதிய இனமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் இரவில் தூக்கம் வருவதில்லை.

பிரச்சினை இதுதான். 100 மில்லி காய்ச்சிவடித்த நீரில் 7.3 கிராம் மெக்னீசியம் குளோரைடு கரைத்து, அதில் புழுவை மயக்கி, மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்சிலிப்பை வைக்கிறேன். அரை நிமிடத்தில் உடல் பொருமுகிறது. பக்கவாட்டில் ஒரு கொப்புளம் எழும்புகிறது, பிறகு எல்லாம் பால்போலக் கலைந்துவிடுகிறது. இந்த வாரம் ஐந்து போய்விட்டன. மணல் கொண்டுவந்த மறுநாள் இதே கரைசலில் ஒன்றை வைத்தபோது பத்து நிமிடம் அழகாகப் படுத்திருந்தது. அன்று என்னிடம் கேமரா இல்லை.

மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி கடல்நீர், உணவுக்கு டயாட்டம் பாசி. அறை வெப்பம் மதியம் 36 டிகிரி. நீர் வற்றினால் காலையில் மார்க்கர் கோடு வரை நிரப்பிவிடுவேன். கிண்ணத்தின் படம் இணைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், ஆத்தூர்

அம்மா, மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. டப்பா திறந்தே கிடந்திருந்தால், நீங்கள் நிறுத்த 7.3 கிராமில் ஒரு பங்கு வெறும் நீர்தான். கரைசல் நீர்த்திருக்கும். புது டப்பா வாங்கிப் பாருங்கள். உரக்கடையில் மெக்னீசியம் என்று தருவது சல்பேட், அதை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெள்ளைக்கல்லும் மெக்னீசியம்தான், ஆனால் கார்பனேட். நீரில் கரையாது.

நுண்ணோக்கி விளக்கு பழைய ஹாலஜன் வகையா? அந்தச் சூட்டிலும் இவை கலைந்துபோகும்.

அஸ்தம்பட்டி மாணவி

எல்.இ.டி. விளக்குதான் ஐயா. உப்பு டப்பா புதிது, கட்டி தட்டவில்லை.

நாமக்கல் வாசகர்

வெடிப்பதற்கு முன்பே ஃபார்மலினில் போட்டுவிடுங்கள். உடல் அப்படியே நிற்கும்.

கடலூர் ஆய்வாளர்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மயக்காமல் போட்டால் புழு சுருண்டு ஒரு புள்ளியாகிவிடும். மரபணு ஆய்வுக்கும் பெரிய இடையூறு. இந்தப் புழுக்களில் உயிரோடு பார்ப்பதுதான் பாதி விவரிப்பு. நிறம், கண், முட்டை, விந்தகம் எல்லாம் உயிருள்ளபோதே தெளிவாகத் தெரியும்.

தங்கையே, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கிறதே, அது உப்புதானே? காலையில் எந்த நீரை ஊற்றுகிறீர்கள்?

அஸ்தம்பட்டி மாணவி

கேனில் கொண்டுவந்த கடல்நீரைத்தான் அக்கா. தினமும் ஒரு மில்லி அளவுக்கு வற்றும். 12 நாளாக ஊற்றுகிறேன்.

கடலூர் ஆய்வாளர்

அங்கேதான் தவறு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது, நீங்கள் அதன்மேல் மறுபடியும் உப்பைச் சேர்க்கிறீர்கள். லிட்டருக்கு 34 கிராம் உப்போடு தொடங்கியிருந்தால் இப்போது 47 அளவில் நிற்க வேண்டும். புழுக்கள் மெல்ல மெல்ல அதற்குப் பழகிவிட்டன. நீங்கள் தயாரித்த கரைசலோ சாதாரணக் கடல்நீருக்குச் சமமானது. 47-இல் வாழ்ந்த புழுவை அதில் விட்டால் நீர் உடலுக்குள் பாய்கிறது, புழு வீங்குகிறது. அதன்மேல் கவர்சிலிப்பின் எடையும் சேர்ந்தால் தாங்குமா? முதல் நாள் தாங்கியதற்குக் காரணமும் இதுவே.

உடனே நல்ல கடல்நீருக்கு மாற்றாதீர்கள், அதுவும் அதே அதிர்ச்சிதான். தினமும் காலையில் ஒரு மில்லி, மாலையில் ஒரு மில்லி எடுத்துவிட்டு அதே அளவு காய்ச்சிவடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். எடுத்த நீரைக் கொட்டுவதற்கு முன் நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள். சொட்டுக்குழாயில் புழு ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு வற்றும் அளவுக்குக் காய்ச்சிவடித்த நீர் மட்டும் ஊற்றினால் போதும்.

ஏற்காடு காப்பித் தோட்டத்துக்காரர்

மே மாத வெயிலில் சேலத்து அறையில் கிண்ணம் வற்றாமல் என்ன செய்யும்? இங்கே உறவினர் யாராவது இருந்தால் மேலே கொண்டுவந்து வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, கிண்ணமாகக் கொண்டுவராமல் சிறு பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி எடுத்து வாருங்கள். அலசல் குறையும்.

அஸ்தம்பட்டி மாணவி

கல்லூரியில் உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். 47. கண்கலங்கிவிட்டது. ஐந்து உயிர்களும் என் கையால் போயின. ஏற்காட்டில் பெரியம்மா வீடு இருக்கிறது, நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன்.

அக்கா, இருக்கும் ஆறை எப்படிப் பங்கிடுவது?

கடலூர் ஆய்வாளர்

முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். கவர்சிலிப்பின் ஓரத்தில் வடிதாளின் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் நீர் வற்றி, புழு மெல்ல அழுந்தும். ஒவ்வொரு அழுத்தத்திலும் படம் எடுங்கள். ஸ்டைலெட் படுத்த நிலையில் முழுதாகத் தெரியும்போது, பக்கத்தில் லாக்டோஃபீனால் ஒரு சொட்டு விட்டால் உடல் தெளிந்து ஸ்டைலெட் மட்டும் கண்ணாடிபோல நிற்கும். விளிம்பை அடைத்து வையுங்கள். ஒன்றை 100 சதவீத ஆல்கஹாலில் போட்டு மரபணுவுக்கு வையுங்கள், அதற்கும் முதலில் உயிரோடு படம் வேண்டும். இரண்டை, திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தும் பூவான் கரைசலில் போட்டுத் திசு வெட்டுக்கு அனுப்புங்கள். மீதி இரண்டும் கிண்ணத்திலேயே இருக்கட்டும். இவை இருபாலிகள், ஒன்றோடொன்று இணைந்து முட்டையிடும்.

பெயர் வைக்கும்போது இதை மறக்காதீர்கள்: 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் பெயருக்கு ஆதாரமான மாதிரி (ஹோலோடைப் என்ற ஒன்று, அல்லது சின்டைப் என்ற சில) எது, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று கட்டுரையில் எழுதியே ஆக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் முன்கூட்டியே வேண்டும். இத்தாலியின் லிக்னானோ கடற்கரைப் புழுவுக்கு 2005-இல்தான் மாக்ரோஸ்டோமம் லிக்னானோ என்று முறைப்படி பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் ஆய்வகங்களில் வளர்வது அந்தச் சிறு புழு.

அஸ்தம்பட்டி மாணவி

ஒன்பதாம் நாள் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டுச் சமையலறை அலமாரியில் கிண்ணம் இருக்கிறது, உப்பு 34. இன்று காலை ஒன்றை வைத்தேன். வெடிக்கவில்லை. முதலில் இரண்டு கண்களும் விலகின, பிறகு குடல் பாசியின் பழுப்போடு அகன்றது. கடைசியில் வால் தட்டில் ஸ்டைலெட் கிடந்தது. அடியில் புனல்போல அகலம், நடுவில் ஒரு சிறு வளைவு, நுனியில் அதே கிளி மூக்கு. அதன் உள்விளிம்பு மட்டும் தடித்திருக்கிறது, முன்பு இதைக் கவனித்ததே இல்லை. 40 படங்கள் எடுத்தேன். லாக்டோஃபீனாலும் விட்டாயிற்று.

கிண்ணத்தின் அடியில் பாசிக்கு நடுவே உருண்டையாக இரண்டு தெரிகின்றன. முட்டையா என்று பாருங்கள் அக்கா, படம் இணைத்திருக்கிறேன்.

கடலூர் ஆய்வாளர்

முட்டைதான். கிண்ணத்தை அசைக்காதீர்கள். அடைத்த தகட்டில் இடம், தேதி, மணல் எடுத்த ஆழம் மூன்றையும் இன்றே பென்சிலால் எழுதிவிடுங்கள்.