கென்யாவில் நாங்கள் படிக்க வைக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறோம்

கேள்வி (செம்பூர், மும்பை):
ஆறு வருஷமாக ஒரு தொண்டு நிறுவனம் மூலம் கிசுமுவில் ஒரு சிறுமியின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறோம். போன கடிதத்தில், நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எங்கள் வாசல் கோலத்தைப் பென்சிலில் வரைந்திருந்தாள். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை! டிசம்பரில் நேரில் பார்க்க ஆசை. பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?

பதில் (மாட்டுங்கா):
அக்கா, முதலில் தொண்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்குங்கள். அவர்கள் ஆள் இல்லாமல் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்கு 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் திரும்பும்போது 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

பதில் (தாராவி):
அவளுக்கு மட்டும் பாவாடை என்றால் கூடப் பிறந்ததுகள் முகம் வாடிவிடும். உகாண்டாவில் நான் கொடுத்தது ஒரு கால்பந்து. தெருவே விளையாடியது.

செம்பூர்:
சரி தம்பி, பாவாடை வேண்டாம். கலர் சாக்பீஸ் எடுத்துப் போகிறேன், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கோலம் போடட்டும்.