விண்டோஸ் அப்டேட் மெதுவாக இறங்குகின்றது. இரண்டு கணினிகளுக்கு இரண்டு மடங்கு டேட்டா போகின்றது

கேள்வி (வட்டக்கச்சி, கிளிநொச்சி)

வணக்கம். எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர் மூலம் இணையம் பெறுகின்றோம். என் மேசைக்கணினியிலும் உயர்தரம் படிக்கும் மகளின் மடிக்கணினியிலும் விண்டோஸ் 11 உள்ளது. மாதாந்த அப்டேட் தானாக இறங்குவதில்லை. நாமே தொடக்கினாலும் சாமம் வரை ஓடிப் பாதியில் நின்றுவிடுகின்றது. டேட்டாவைச் சேமிக்க இணைப்பை ‘மீட்டர்ட்’ (அளவோடு பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறித்திருக்கின்றேன். வேகத்தைக் கூட்ட வழி உண்டா?

பதில் (மாங்குளம்)

ஐயா, தானாக இறங்காததற்கு அந்த ‘மீட்டர்ட்’ குறியே காரணம். அது இருக்கும்வரை விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது; ஒரு கணினி இறக்கிய கோப்பை மற்றொன்று அதனிடமிருந்து பெறுவதும் நின்றுவிடும். இரவு டேட்டா தொடங்கும்போது அதை நீக்கிவிட்டு, காலையில் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நிற்பது பெரும்பாலும் கணினி உறங்கிவிடுவதால்தான். மின்சாரத்தில் இருக்கும்போது ‘ஸ்லீப்’ ஆகாதபடி மாற்றிவையுங்கள்.

இரட்டைச் செலவைக் குறைக்க, ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை மற்றொன்றோடு பகிரும் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற வசதி இருக்கின்றது. விண்டோஸ் அப்டேட்டின் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குள் சென்று, பிற கணினிகளிலிருந்து இறக்க அனுமதித்து, உள்ளூர் வலையமைப்பை (உங்கள் ரவுட்டரில் இணைந்த கணினிகளை) மட்டும் தெரிவுசெய்யுங்கள். இணையத்திலுள்ள கணினிகளையும் சேர்த்தால் உங்கள் இணைப்பிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்கும் கோப்புகள் போகும். நம் வன்னியில் அளந்து வாங்கும் டேட்டாவுக்கு அது கட்டாது. முதலில் மேசைக்கணினியில் இறக்குங்கள். இறங்கிய கோப்பு இயல்பாக 3 நாட்களே பகிர்வுக்காக வைக்கப்படும் என்பதால், மேசைக்கணினியை அணைக்காமல் மறுநாளே மடிக்கணினியைத் தொடக்குங்கள். பகிர்வில் சேரும் கணினிக்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும்.

பதில் (விசுவமடு)

மேலே சொன்னவை சரியானவை. ஆனால் சிக்னல் மோசமென்றால் எந்த அமைப்பும் உதவாது. தகரக் கூரையின் கீழ், வீட்டின் நடுவில் இருந்த என் ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலோரம் உயர்த்தி வைத்த பிறகே எனக்கு இணைப்பு சீரானது. வேகத்தை அளக்கும்போது மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்ப வேண்டாம்: 4 மெகாபிட் வேகம் என்பது செக்கனுக்கு அரை மெகாபைட்டே, 1 ஜிபி கோப்புக்கு அரை மணித்தியாலத்துக்கும் சற்று அதிகமாகச் செல்லும்.

பதில் (ஒட்டுசுட்டான்)

அப்படியும் அறுந்துகொண்டே இருந்தால், அப்டேட் பெயரிலுள்ள ‘கேபி’ (KB) எண்ணைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசொஃப்ட் அப்டேட் கேட்டலொக் தளத்தில் அக்கோப்பைத் தேடி, நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டில் பென் டிரைவில் இறக்கி வாருங்கள். இரண்டு கணினிகளிலும் ஒரே விண்டோஸ் பதிப்பும் ஒரே வகைச் செயலியும் இருந்தால், ஒருமுறை இறக்கியதே இரண்டுக்கும் போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ரவுட்டரை இடம் மாற்றி, ‘மீட்டர்ட்’ குறியை நீக்கி, நேற்றிரவு மேசைக்கணினியை முடித்தேன். இன்று மகளின் கணினியில், எங்கிருந்து எவ்வளவு இறங்கியது என்று காட்டும் ‘ஆக்டிவிட்டி மொனிட்டர்’ பக்கத்தைப் பார்த்தபோது, பெரும்பகுதி உள்ளூர் வலையமைப்பிலிருந்தே வந்திருந்தது.