முழு வருகைக்குப் பரிசு வச்சா பால்வாடிக்குப் பசங்க தினமும் வருவாங்களா?

அணைக்கட்டான்:
20 பிள்ளைங்க பேர் இருக்கிற ஒரு பால்வாடின்னு வச்சுக்குங்க. மாசம் பூரா லீவு போடாம வர்ற பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். மூணு மாசம் தொடர்ந்து வந்தா தட்டு. ஊர்ல நாலு பேர் நன்கொடை கொடுத்தா செலவு முடிஞ்சுது. அம்மாங்களுக்குள்ள ஒரு போட்டி வந்துட்டா வருகை தானா ஏறும். வாரம் 3 முட்டை போடுறது பசங்களை இழுக்குதா இல்லையா? அது மாதிரிதான் இதுவும். வேண்டாம்னு சொல்றவங்க காரணத்தோட வாங்க.

கணக்குப்பிள்ளை:
வேண்டாம் சார். டம்ளர் யார் வீட்டுக்குப் போகும்? ஏற்கெனவே ஒழுங்கா வர்ற பிள்ளை வீட்டுக்கு. 3ஆம் தேதியே காய்ச்சல்ல ஒரு நாள் போச்சுன்னா அந்த மாசம் மிச்ச நாளுக்கு உங்க பரிசால ஒரு பயனும் இல்ல. பரிசை விட மனசில்லாதவங்க காய்ச்சலோடயே கொண்டாந்து விடுவாங்க, அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் வரமாட்டாங்க. மூக்கு ஒழுகினா வரலாம். காய்ச்சல்னா மாத்திரை போடாமலே இறங்கி 24 மணி நேரம் ஆகணும். இந்த விதியைச் சுவத்துல எழுதிப் போடுறது டம்ளரை விட மலிவு.

முதல்ல ரெஜிஸ்டரைப் படுக்கைவாட்டுல, பிள்ளைவாரியாக் கூட்டுங்க. எல்லாரும் நெட்டுவாட்டுலதான் கூட்டுறாங்க, இன்னைக்கு எத்தனை பேருன்னு. 20 பிள்ளை, 24 வேலை நாள்: மொத்தம் 480. அதுல 72 வராத நாள்னா வருகை 85 சதவீதம். இந்த 72 ரெண்டு விதமா வரலாம். எல்லாரும் ஆளுக்கு மூணு நாலு நாள் போட்டிருக்கலாம். இல்லன்னா நாலே பிள்ளைங்க 15 நாள் வீதம் 60 நாள் போட்டு, மிச்ச 12 நாள் 16 பேர்ல பிரிஞ்சிருக்கலாம். சதவீதம் ஒண்ணுதான், வைத்தியம் வேற. முதல் வகைன்னா மையத்துல ஏதோ சரியில்ல. ரெண்டாவதுன்னா நாலு வீட்டுக் கதவைத் தட்டினாப் போதும். பத்துல ஒரு நாளுக்கு மேல போனா, அதாவது 24ல 3 நாள் ஆனா, பேருக்கு நேரா சிவப்புப் புள்ளி வைக்கணும். மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, மூணாவது நாளே ஆயா போய்ப் பார்க்கணும்.

அந்த நாலுல ரெண்டு பேர் ஜூன்லயே தனியார் எல்கேஜிக்கு வேன் ஏறியிருப்பாங்க. பேர் இங்க, பிள்ளை அங்க. முதல்ல அதை எடுங்க.

பேரணாம்பட்டு ரோடு:
ரெஜிஸ்டரை எந்தப் பக்கம் கூட்டினாலும் ஷூ கம்பெனி வேன் ஏழரைக்கு வந்துடும். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, எங்க பாருங்க, அம்மா கிளம்பற நேரத்துல பால்வாடி பூட்டியிருக்கும். பிள்ளை பாட்டி கையில. பாட்டிக்கு முட்டி வலின்னா அன்னைக்கு லீவு. இது நேரப் பிரச்சினை சார், அக்கறைப் பிரச்சினை இல்ல. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும்னு 2017லயே மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினாங்க. ஆனா நெரிசல் வேன்ல ரெண்டரை வயசுப் பிள்ளையை எந்த அம்மா ஏத்திக்கிட்டுப் போவா? ஊர்லயே ஏழேகாலுக்குத் திறங்க. அதைச் செஞ்சுட்டு அப்புறம் டம்ளரைப் பத்திப் பேசலாம்.

குடியாத்தம் மேற்பார்வை:
யார் திறக்கிறது மேடம்? ஒரு டீச்சர், ஒரு ஆயா. எடை பார்க்கிறது, சத்துமாவு கொடுக்கிறது, கர்ப்பிணி வீட்டுக்குப் போறது, போஷன் டிராக்கர்ங்கிற அரசு போன் ஆப்ல போட்டோவோட பதிவு. இதுக்கு மேல ஒண்ணரை மணி நேரம் முன்னாடி திறன்னா முன்பருவக் கல்விதான் முதல்ல அடிபடும். முழுநாள் காப்பகத்துக்குன்னு 2022ல ‘பால்னா’ திட்டம் வந்துச்சு, அதுல காப்பகத்துக்குத் தனி ஆள் உண்டு. அதைக் கேட்டு மனு போடுங்க, நியாயம். இருக்கிற டீச்சர் தலையில கட்டாதீங்க.

இப்போதைக்குச் செய்யக்கூடியது தெரு நடை, அதாவது தெருப் பிள்ளைங்களை ஒரு பெரியவங்க ஒண்ணா நடத்திக் கூட்டிட்டு வர்றது. ஒரு தெருவுக்கு அஞ்சு பிள்ளை, முறை வச்சு வாரத்துக்கு ஒரு பெரியவங்க. 9.15க்குத் தெருமுனைல கூடணும். ஒரு ஆளுக்கு அஞ்சு பிள்ளைக்கு மேல வேண்டாம், மெயின் ரோட்டைத் தாண்டணும்னா மூணுதான். யார் கொண்டாந்து விடலாம், யார் கூட்டிட்டுப் போகலாம்னு வீட்டுக்கு மூணு பேர் டீச்சர்கிட்ட எழுதிக் கொடுக்கணும். இது இல்லாம ஆரம்பிச்சா சாயங்காலம் சண்டை வரும். பாட்டி முட்டிக்கும் இது ஆகும்.

அணைக்கட்டான்:
எல்லாம் சரி. பிள்ளைங்க பதினொன்றரைக்குச் சோத்துக்கு வந்துட்டு ஒரு மணிக்குப் போகுதுங்களே, அதுக்கு உங்க தெரு நடை என்ன செய்யும்?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. ரெஜிஸ்டர்ல 10 மணிக்கு இருக்கிற பிள்ளைக்கு ஒரு சாய்கோடு, 12 மணிக்கு எதிர்ச்சாய்கோடு. ரெண்டும் இருந்தாத்தான் பெருக்கல் குறி. 12 மணிக் கோடு மட்டும் நிறைய இருந்தா சோறு இழுக்குது, பாடம் இழுக்கலைன்னு அர்த்தம். முட்டை நாளையும் பயறு நாளையும் தனித்தனியாக் கூட்டிப் பாருங்க, வித்தியாசம் கண்ணுல அடிக்கும். ஆட்டம், கதை, மணல் எல்லாத்தையும் பத்துக்குள்ள வைங்க. போன் பதிவுல எதைத் தள்ளிப் போட முடியுமோ அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பசங்க தூங்கும்போது செய்யட்டும்.

பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டுல 320 மையங்கள்ல ஒரு ஆய்வு செஞ்சுது. சரிபாதி மையத்துல முன்பருவக் கல்விக்குன்னே அரைநாள் ஆள் ஒருத்தரைக் கூடுதலாப் போட்டாங்க. பாட நேரம் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு, கணக்கும் மொழியும் ஏறுச்சு.

பேரணாம்பட்டு ரோடு:
அது வருகையைக் கூட்டறதுக்குன்னு செஞ்ச ஆய்வு இல்லியே சார். புது ஆள் போடறது ஊர் கையிலயும் இல்ல.

இன்னொண்ணு யாருமே பேசல. எங்க பக்கம் பாதி வீட்டுல உருது, ஆந்திரா எல்லைப் பக்கம் தெலுங்கு. மூணு வயசுப் பிள்ளைக்கு ‘ஒண்ணுக்கு வருது’ன்னு டீச்சருக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியாது. ரெண்டு தடவை டிரஸ்ஸை நனைச்சா மூணாவது நாள் வாசல்லயே அழும், வீட்டுல ‘பெரிசாகட்டும்’னு நிறுத்திடுவாங்க. தண்ணி, ஒண்ணுக்கு, பசி, வலி, அம்மா எப்போ வருவாங்க. இந்த அஞ்சையும் வீட்டு மொழியில டீச்சரும் ஆயாவும் கத்துக்கணும். புதுசாச் சேர்ற பிள்ளைன்னா முதல் மூணு நாள் வீட்டு ஆளோட ஒரு மணி நேரம், அடுத்த மூணு நாள் ஆள் இல்லாம ரெண்டு மணி நேரம், அப்புறம் சாப்பாடு வரைக்கும். முதல் நாளே நாலு மணி வரைக்கும் விட்டா அதோட போச்சு.

குடியாத்தம் மேற்பார்வை:
இதை ஒத்துக்கிறேன். பரிசு வேண்டாம்கிறதுக்கு என் காரணம் வேற. அரிசி, முட்டைக் கணக்கு வருகையோட கட்டியிருக்கு. இலக்கு வச்சு அழுத்தினா வருகையைப் பேனாவே ஏத்திடும். பிள்ளை வராது.

அணைக்கட்டான்:
அப்போ முழு வருகைங்கிறதை விட்டுடறேன். போன மாசத்தை விட 3 பெருக்கல் குறி கூட வாங்கின பிள்ளைக்கு டம்ளர். கம்மியா வர்ற பிள்ளைக்குத்தானே இது போகும்?

கணக்குப்பிள்ளை:
முன்னதை விட இது தேவலை. ஆனா மே மாசத்தை அடிப்படையா வைக்காதீங்க. அக்னி நட்சத்திரம் ஒரு பக்கம், வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஒரு பக்கம், குடியாத்தம் சுத்துவட்டாரத்துல அந்த வாரம் பிள்ளைங்க எல்லாம் தாத்தா வீட்டுல இருக்கும். ஜூன்ல 20 பேருக்கும் டம்ளர் கொடுக்க வேண்டி வரும். ஜூலையையும் ஆகஸ்டையும் வச்சுப் பாருங்க, ஆடிக் கிருத்திகையைக் கழிச்சுட்டு. வேலை நாள் ரெண்டு மாசத்துலயும் ஒண்ணா இருக்காது, அதனால குறியை எண்ணாம சதவீதமாப் போடுங்க. 10 மணிக் கோட்டை டீச்சர் போடட்டும், 12 மணிக் கோட்டை அன்னைக்கு முறை நடை வந்தவங்க யாராவது கூட நின்னு பார்க்கட்டும்.